அல்சைமர் ஆய்வுச் செய்திகளைச் சோதித்துப் படிப்பது எப்படி?

"மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்ற தலைப்பு ஆண்டுக்கு ஒருமுறையாவது நாளிதழ்களில் வந்துவிடுகிறது. சில மணி நேரத்திலேயே அது உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி, வீட்டில் அல்சைமர் நோயாளியைக் கவனித்துக்கொள்பவரின் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. இத்தகைய செய்திகள் பெரும்பாலும் பொய்யானவை அல்ல. எனினும், அவற்றில் சொல்லப்பட்டது எது, சொல்லாமல் விடப்பட்டது எது என்று பிரித்தறியாமல் படித்தால் வீண் நம்பிக்கையும் வீண் செலவுமே மிஞ்சும். மருத்துவம் பயிலாதவரும் கேட்டுப் பார்க்கக்கூடிய சில கேள்விகளை, கேட்க வேண்டிய வரிசையில் இங்கே தருகிறேன்.

ஆய்வு யாரிடம் நடந்தது என்பதே முதல் கேள்வி. எலிகளுக்கு இயல்பாக அல்சைமர் நோய் வருவதில்லை. பரம்பரையாக இந்நோய் வரும் அரிதான குடும்பங்களில் காணப்படும் மனித மரபணு மாற்றங்களை எலிகளுக்குள் செலுத்தி, அவற்றின் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படியும்படி செய்கிறார்கள். அந்தப் படிவை எலியின் மூளையிலிருந்து அகற்றிய மருந்துகள் பல உண்டு. 1999இல் எலிகளிடம் வியக்கத்தக்க பலன் காட்டிய ஒரு தடுப்பூசி, மனிதர்களுக்குப் போடப்பட்டபோது அவர்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினருக்கு மூளை அழற்சி ஏற்பட்டதால், 2002இல் அந்தச் சோதனையே நிறுத்தப்பட்டது. எனவே, "எலிகளிடம்" என்ற சொல் செய்தியில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்; பெரும்பாலும் அது கடைசிப் பத்தியில்தான் இருக்கும்.

மனிதர்களிடம் நடந்த ஆய்வு என்றால், ஆய்வாளர்கள் மக்களை வெறுமனே கவனித்தார்களா, அல்லது குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒரு குழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தார்களா என்று அடுத்ததாகப் பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு அல்சைமர் குறைவாக வருகிறது என்று கவனிப்பு ஆய்வுகள் பல கூறிவந்தன. ஆனால் 65 வயதைக் கடந்த 4,500க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2003இல் வெளியானபோது, இரு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரையைப் பெற்றவர்களில் 40 பேருக்கும், மருந்தில்லாத போலி மாத்திரையைப் பெற்றவர்களில் 21 பேருக்கும் மறதி நோய் வந்திருந்தது தெரிந்தது. பலன் என்று நம்பப்பட்டது தீங்காக முடிந்தது. ஹார்மோன் மாத்திரையைத் தாமாகவே தேர்ந்தெடுத்த பெண்கள் பொதுவாகக் கூடுதல் வசதியும் கல்வியும் உடல்நலமும் உள்ளவர்களாக இருந்ததே முந்தைய முடிவுகளுக்கு முக்கியக் காரணம் எனக் கருதப்படுகிறது.

குலுக்கல் இல்லாத ஆய்வுகள் எல்லாமே பயனற்றவை என்றும் தள்ளிவிட முடியாது. வேல்ஸ் நாட்டில் அக்கி நோய்க்கான தடுப்பூசித் திட்டம் 2013 செப்டம்பரில் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு மட்டுமே ஊசி போடும் தகுதி தரப்பட்டது. அந்த நாளுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் பிறந்தவர்களுக்கிடையே வேறு வேறுபாடு எதுவும் இருக்கக் காரணமில்லை. அரசின் விதியே குலுக்கலின் வேலையைச் செய்துவிட்டது. ஏழாண்டுக் காலத்தில், ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் மறதி நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2025இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஹார்மோன் பற்றிய பழைய கவனிப்பு ஆய்வுகளைவிட இதற்கு நான் அதிக மதிப்பளிப்பது இந்த ஒரு காரணத்தால்தான்.

மூன்றாவதாக, மருந்து எதை மாற்றியது என்று கேளுங்கள். 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், தம் நோயாளி ஒருவரின் மூளையில் கண்ட படிவுகளையும் நார்முடிச்சுகளையும் விவரித்தார். அந்தப் படிவு அமிலாய்டு எனவும் முடிச்சு டவ் எனவும் பெயர் கொண்ட புரதங்களால் ஆனவை என்பது 1980களில் உறுதியாயிற்று. அமிலாய்டு சேர்வதே நோயின் தொடக்கம் என்ற கருதுகோள் 1992இல் முன்வைக்கப்பட்ட பின்னர், மருந்து நிறுவனங்களின் பெரும்பாலான முயற்சி அதை அகற்றுவதையே குறிவைத்தது. ஆனால் அமிலாய்டு குறைவது ஒன்று. நோயாளி தாமே சட்டை மாட்டிக்கொள்வதும் மகளின் பெயரைச் சொல்வதும் வேறொன்று. அடுகானுமாப் என்ற மருந்தின் இரண்டு பெரிய சோதனைகளும் பலன் தராது எனக் கருதப்பட்டு 2019இல் நிறுத்தப்பட்டன. அதே மருந்துக்கு 2021 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விரைவு அனுமதி வழங்கியது. அமிலாய்டு குறைந்தது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட அடிப்படை. அந்த முடிவை எதிர்த்து ஆலோசனைக் குழுவினர் மூவர் பதவி விலகினர். 2024இல் தயாரிப்பு நிறுவனமே மருந்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆகவே, "புரதத்தை அழித்தது" என்று மட்டும் கூறும் செய்தியைப் பாதிச் செய்தியாகவே கொள்ளுங்கள்.

விழுக்காடுகளைப் படிப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. லெகானெமாப் என்ற மருந்து "நோயை 27 விழுக்காடு தாமதப்படுத்துகிறது" என்று 2022இன் இறுதியில் செய்திகள் வந்தன. அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். நினைவாற்றல், இடமும் காலமும் அறிதல், முடிவெடுத்தல், வெளி வேலைகள், வீட்டு வேலைகள், தன்னைப் பேணுதல் என ஆறு துறைகளில் நோயாளியையும் அவரை நன்கறிந்த ஒருவரையும் விசாரித்து, துறைக்கு 3 வரை, மொத்தம் 18 வரை மதிப்பெண் இடுகிறார்கள். மதிப்பெண் கூடினால் நோய் முற்றுகிறது என்று பொருள். ஆய்வில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 3.2 மதிப்பெண்ணில் தொடங்கினார்கள். பதினெட்டு மாதங்களுக்குப் பின் போலி ஊசி பெற்றவர்களின் மதிப்பெண் சராசரியாக 1.66 கூடியது, மருந்து பெற்றவர்களின் மதிப்பெண் 1.21 கூடியது. இடைவெளி 0.45. இந்த 0.45ஐ 1.66ஆல் வகுத்தால் 27 விழுக்காடு வருகிறது. இரண்டு எண்களும் உண்மையே. ஆனால் 18 மதிப்பெண் கொண்ட அளவுகோலில் அரை மதிப்பெண்ணுக்கும் குறைவான வேறுபாட்டை வீட்டிலிருப்பவர்கள் உணர்வார்களா என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இரு குழுவினரும் சரிந்துகொண்டேதான் இருந்தார்கள், ஒரு குழுவினர் சற்று மெதுவாகச் சரிந்தார்கள் என்பதைச் செய்தி படிப்பவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இழந்த நினைவை மருந்து திரும்பத் தந்ததாக ஆய்வு காட்டவில்லை. விழுக்காட்டைக் கண்டவுடன் "எதில் விழுக்காடு?" என்று கேட்டு, அதற்குப் பின்னால் உள்ள இரு எண்களையும் தேடும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பலனைத் தேடிய அதே ஊக்கத்தோடு தீங்கையும் தேடுங்கள். அமிலாய்டை அகற்றும் ஊசிகளால் மூளையில் நீர்வீக்கமும் சிறு இரத்தக்கசிவும் ஏற்படக்கூடும். மேலே சொன்ன ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கு வீக்கம் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தது, போலி ஊசி பெற்றவர்களில் அது 1.7 விழுக்காடு. பலருக்கு அறிகுறி எதுவும் இல்லாமலே அது சரியாகிவிட்டாலும், இவ்வகை மருந்துகளின் சோதனைகளில் உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. ஏ.பி.ஓ.ஈ. 4 என்ற மரபணு வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம்: அவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வீக்கம் தோன்றியது. மரபணுப் பரிசோதனையும், அடுத்தடுத்து எம்.ஆர்.ஐ. எடுப்பதும், மருத்துவமனையில் இரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்றுவதும் (மேலே சொன்ன ஆய்வில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை) சிகிச்சையோடு சேர்ந்தே வரும். லெகானெமாபுக்கு 2023இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட ஆண்டு விலை 26,500 டாலர். ஸ்கேன் செலவு இதில் அடங்காது.

ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் உங்கள் வீட்டு நோயாளியைப் போன்றவர்களா? லெகானெமாப், அமிலாய்டை அகற்றும் அதே வகை மருந்தான டொனானெமாப் ஆகிய இரண்டும் நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களிடம், மூளையில் அமிலாய்டு இருப்பது ஸ்கேன் அல்லது தண்டுவட நீர்ப் பரிசோதனை மூலம் உறுதியான பிறகே சோதிக்கப்பட்டன. உடுத்தவும் உண்ணவும் பிறர் உதவி தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டவருக்கு அந்த முடிவுகள் பொருந்தா. இதைச் சொல்வது கடினமானது. ஆனால் கடன் வாங்கியாவது ஊசி போட நினைக்கும் பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

நோயறிதல் பற்றிய செய்திகளுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். டவ் புரதத்தின் ஒரு வகையையும் அமிலாய்டையும் இரத்தத்தில் அளந்து ஒப்பிடும் பரிசோதனை ஒன்றுக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது 55 வயதைக் கடந்த, ஏற்கெனவே மறதி அறிகுறிகளோடு மருத்துவரிடம் வந்தவர்களுக்கானது. நலமாக இருப்பவர் முழு உடல் பரிசோதனையோடு சேர்த்து எடுத்துக்கொள்வதற்கானது அன்று. மறதி ஏதுமில்லாத முதியவர்கள் பலரின் மூளையிலும் அமிலாய்டு உண்டு. அவர்களில் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. மேலும், பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும் என்பதால், விலையுயர்ந்த புதிய பரிசோதனைக்கு முன் இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சியது, செய்தியை எங்கே சரிபார்ப்பது என்பது. இந்தியாவில் மனிதர்களிடம் நடக்கும் மருந்துச் சோதனைகள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். அதை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மருந்தின் பெயரை அதில் இட்டால், சோதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை அளக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்பவை தெரியும். சோதனையில் சேர்ப்பதற்குப் பணம் கேட்பவரை உடனே விலக்கிவிடுங்கள். நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது செய்தியின் நகலோடு மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லலாம்: எங்கள் நோயாளியின் நிலையில் இருப்பவர்கள் இந்த ஆய்வில் இருந்தார்களா, போலி மருந்து பெற்ற குழுவோடு உண்மையான வேறுபாடு எவ்வளவு, இதை எடுத்துக்கொண்டால் எத்தனை முறை ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும்.