பிள்ளைகளுக்கு ஆர்கெஸ்ட்ரா, பாலே, ஓபரா: செட்டிநாட்டு வீட்டிலிருந்தே தொடங்கலாம்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா, பாலே நடனம், பாட்டு நாடகமான ஓபரா எல்லாம் காட்ட முடியுமா, அதற்கு மும்பைக்கோ லண்டனுக்கோ அல்லவா போக வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. போனால் நல்லதுதான். ஆனால் தொடங்குவதற்கு ஒரு ஃபோன், சுமாரான ஒரு ஸ்பீக்கர், கதை சொல்லத் தெரிந்த ஒரு பெரியவர், இவ்வளவு போதும். அந்தப் பெரியவருக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்த்து, கோயிலில் நாகஸ்வரம் கேட்டு வளர்கிற பிள்ளைகளுக்கு இதில் பாதி ஏற்கெனவே பழக்கம். மீதியைக் கதையாகச் சொல்லிவிட்டால் இசை தானாக உள்ளே போகும். கதை முதலில், இசை அப்புறம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

மொசார்ட் என்ற ஐரோப்பிய இசையமைப்பாளரின் இசையைக் கேட்டால் மூளை வளரும் என்று சொல்லி விற்கிறார்களே, அதை நம்பி ஆரம்பிக்க வேண்டாம். 1993இல் வந்த அந்த ஆய்வு கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. ஒரு வகைப் புதிரில் அவர்களுக்குக் கிடைத்த சின்ன முன்னேற்றமும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. கைக்குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, கேட்கிறோம், அவ்வளவுதான்.

ஆர்கெஸ்ட்ராவுக்கு முதல் படி ‘பீட்டரும் ஓநாயும்’. ரஷ்யாவின் புரோகோஃபியேவ் 1936இல் மாஸ்கோவில் இருந்த குழந்தைகள் நாடக அரங்குக்காகவே எழுதியது, அரை மணிக்குள் முடிந்துவிடும். கதையில் வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு கருவி உண்டு: குருவிக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பசூன், ஓநாய்க்கு மூன்று பிரெஞ்சு ஹார்ன், பீட்டருக்கு வயலின் குடும்பம் முழுவதும். வேட்டைக்காரர்கள் சுடும்போது பெரிய முரசுகள் அதிரும். முதல் நாள் ராத்திரி கதையை மட்டும் சொல்லுங்கள். தாத்தா ‘வெளியே போகாதே’ என்கிறார், பையன் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறான், வாத்து குளத்தில் இறங்குகிறது, ‘பறக்கத் தெரியாத நீ என்ன பறவை’ என்று குருவி கேட்க, ‘நீந்தத் தெரியாத நீ என்ன பறவை’ என்று வாத்து திருப்பிக் கேட்கிறது. குளம் என்பதற்குப் பதிலாக நம் ஊருணி என்றும், தாத்தாவை ஐயா என்றும் சொன்னால் பிள்ளைகளுக்கு இடம் உடனே கண்ணில் தெரிந்துவிடும், கதைக்கும் ஒன்றும் குறையாது. ஓநாய் வாத்தை முழுசாக விழுங்கிவிடும். கடைசியில் அதன் வயிற்றுக்குள்ளிருந்து வாத்து கத்துவதும் கேட்கும், ஆகவே ‘வாத்து செத்துப்போச்சா?’ என்று சிறுசுகள் கண் கலங்கினால் அந்த ஓபோவைக் காத்திருந்து கேட்கச் சொல்லுங்கள்.

மறுநாள் இசையைப் போடுங்கள். கிடைக்கும் பதிவுகளில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கதை சொல்வார்கள், அந்த இடங்களில் நிறுத்தி நீங்களே தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டு மறுபடி ஓட விடுங்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ பொங்கலுக்கோ பங்காளிகள் எல்லாரும் பெரிய வீட்டில் கூடும்போது இது இன்னும் களைகட்டும். ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து, தன் கருவி கேட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், ஹார்ன் வரும்போது ஓநாய் ஆகிற பையன் முற்றத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வருவான். ஒரு விஷயம்: கல் தரையும் வழுவழுச் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்தால் எதிரொலியில் எல்லாக் கருவியும் ஒன்றாகக் குழம்பும். கோரைப்பாய், ஜமுக்காளம் விரித்து, ஸ்பீக்கரைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் குறையுங்கள்.

ஓபோ என்றால் என்ன என்று எப்படிக் காட்டுவது? பூவரசம் இலையைச் சுருட்டி, ஒரு நுனியை நசுக்கிப் பீப்பீ ஊதத் தெரியாத பிள்ளை இந்தப் பக்கம் கிடையாது. நசுக்கிய அந்த இரண்டு இதழ்களும் ஒன்றோடொன்று படபடப்பதால்தான் சத்தம் வருகிறது. நாகஸ்வரத்தின் சீவாளியிலும் அதே வேலைதான், ஓபோவிலும் பசூனிலும் அதே வேலைதான். நாணலை மெல்லிசாகச் சீவி இரண்டு இதழாகக் கட்டியிருப்பார்கள். பீப்பீயை ஊதிவிட்டு உடனே வாத்தின் இசையைப் போட்டால், மூக்கால் பேசுகிற மாதிரியான அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று விளக்கவே வேண்டியதில்லை. கச்சேரி தொடங்கும் முன் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் சுருதி சேர்த்துக்கொள்வதும் இந்த ஓபோவை வைத்துத்தான் என்று போகிற போக்கில் சொல்லி வையுங்கள்.

இன்னொரு சோதனை. நாலைந்து கண்ணாடி டம்ளரில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி ஸ்பூனால் தட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும். பிறகு பன்னீர் சோடா பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வாயில் குறுக்காக ஊதச் சொல்லுங்கள். இங்கே தண்ணீர் கூடினால் சுருதி ஏறும். தட்டும்போது கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து அதிர்கின்றன, பாரம் கூடினால் அதிர்வு மெதுவாகிறது. ஊதும்போது அதிர்வது உள்ளே மிச்சமிருக்கும் காற்று, அது குட்டையாகக் குட்டையாகச் சுருதி மேலே போகிறது. குட்டிப் புல்லாங்குழலான பிக்கலோ ஏன் கீச்சிடுகிறது, வயலின் குடும்பத்தில் ஆள் உயரத்தையும் மிஞ்சுகிற டபுள் பேஸ் ஏன் உறுமுகிறது என்பதெல்லாம் இதிலேயே பாதி விளங்கிவிடும்.

நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அரை மணி அதிகம். அவர்களுக்கு பிரான்ஸின் சான்-சான்ஸ் 1886இல் எழுதிய ‘விலங்குகளின் திருவிழா’. பதினான்கு துண்டுகள், பல துண்டுகள் ஒன்றிரண்டு நிமிடம்தான். யானைக்கு டபுள் பேஸ், எலும்புக்கூடுகளுக்கு மரச் சட்டங்களைத் தட்டி வாசிக்கும் சைலஃபோன், குயிலுக்கு மேடைக்குப் பின்னாலிருந்து இரண்டே சுரம் வாசிக்கும் கிளாரினெட். குயில் எத்தனை தடவை கூவுகிறது என்று எண்ணச் சொன்னால் ஒரு சத்தம் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், நம் வீட்டுப் பிள்ளைகளா என்று நமக்கே சந்தேகம் வரும். ஆமைக்கு வருவது பாரிஸில் கால் தூக்கி ஆடும் வேகமான நடன மெட்டு, அதை நகரவே நகராத வேகத்தில் வாசிக்க வைத்திருக்கிறார், குறும்புக்காரர். தன் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தோ என்னவோ, அன்னப் பறவைத் துண்டைத் தவிர மற்றதைத் தான் உயிரோடு இருக்கும்வரை அச்சிட விடவில்லை. 1921இல் அவர் இறந்த பிறகுதான் முழுதாக வெளிவந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, பெஞ்சமின் பிரிட்டன் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1945இல் எழுதிய ‘இளையோருக்கான ஆர்கெஸ்ட்ரா வழிகாட்டி’. ஒரே மெட்டை ஒவ்வொரு கருவியும் தன் பாணியில் வாசித்துக் காட்டும், கடைசியில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்திக்கொண்டு வந்து சேரும். கையில் ஒரு ஈர்க்குச்சியைக் கொடுத்து ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர் ஆக்கிவிடுங்கள். நாலு தட்டு என்றால் கை கீழே, இடது, வலது, மேலே.

அந்த அன்னப் பறவைத் துண்டே பாலேக்கு வாசல். வயலின் குடும்பத்துச் செல்லோ தனியாக வாசிக்கும் அந்த இசைக்குத்தான் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவா சாகும் அன்னமாக ஆடி உலகம் முழுக்கப் பேர் வாங்கினார். அவர் குழுவின் மூலம் பாலே கற்றுக்கொண்ட ருக்மிணி தேவி, உங்கள் நாட்டுக் கலையையும் பாருங்கள் என்று பாவ்லோவாவே சொன்ன பிறகு பரதத்துக்குத் திரும்பி, 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். பரதம் கற்கும் பெண் வீட்டில் இருந்தால் இந்தக் கதை நன்றாக எடுபடும். அரைமண்டியில் அமர்ந்து தரையைத் தட்டுவது ஒரு அழகு, தரையை விட்டு எழும்பப் பார்ப்பது இன்னொரு அழகு. இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள், உடம்பே வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

பாலேயில் பேச்சு கிடையாது, ஆனால் முத்திரை மாதிரி கைப்பாஷை உண்டு. தலைக்கு மேலே இரண்டு கையையும் ஒன்றையொன்று சுற்றினால் ‘ஆடு’, நெஞ்சில் கை வைத்தால் ‘காதல்’, மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் ‘கல்யாணம்’, மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்து முஷ்டியைக் கீழே இறக்கினால் ‘சாவு’. இந்த நாலையும் முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டால் படம் பார்க்கிற மாதிரி பின்தொடர்வார்கள். எதைப் பார்ப்பது? சைக்காவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’, 1892. முழுதாக வேண்டாம், இரண்டாம் பகுதியில் ரஷ்ய நடனம் ஒரு நிமிடச் சொச்சம், ஆண்கள் துள்ளுகிற துள்ளலைப் பார்த்தால் ‘இது பொம்பளைப் பிள்ளை டான்ஸ்’ என்று முறைக்கிற பையன்களும் எழுந்துவிடுவார்கள். அப்புறம் சர்க்கரைத் தேவதையின் நடனம். அதில் சின்னச் சின்ன மணி மாதிரி கேட்பது செலஸ்டா, பியானோ மாதிரி ஒரு கருவி, கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் உலோகத் தகட்டைத் தட்டும். அப்பத்தா கூட உட்கார்ந்து பார்த்தால் ‘என்னத்தா இது, காலை மூடாம ஆடுதுக’ என்று ஒரு குரல் வரும், வரட்டும். காலின் கோடு முழுசாகத் தெரிந்தால்தான் ஆட்டம் தெரியும் என்று சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டாலும் எழுந்து போக மாட்டார்.

ஆடிப் பார்ப்பதற்கு ஆத்தங்குடிக் கல் பதித்த தரை அருமையான இடம், ஆனால் சாக்ஸ் போட்டால் வழுக்கி மண்டை உடையும், வெறுங்காலோடு ஆடட்டும். நுனிக்கால் விரலில் நிற்க மட்டும் விடாதீர்கள். அதற்கு முன்பக்கம் கெட்டியாக்கிய தனிச் செருப்பு வேண்டும், பல வருடப் பயிற்சி வேண்டும், பொதுவாகப் பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு முன் ஆசிரியர்களே அனுமதிப்பதில்லை. ஆன்லைனில் அந்தச் செருப்பு கிடைக்கிறது என்பதற்காக வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

ஓபராவுக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், உண்மையில் நம் பிள்ளைகளுக்கு மூன்றிலும் இதுதான் லேசு. கோபம் வந்தாலும் பாட்டு, தர்க்கம் பண்ணினாலும் பாட்டு என்பது சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து நாடக மேடையில் பார்த்ததுதானே. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த வள்ளி திருமணத்தில் வசனமும் பாட்டும் மாறி மாறி வரும், ஹார்மோனியக்காரர் மேடை ஓரத்தில் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவார். மொசார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ 1791இல் வியன்னாவில் அரங்கேறியபோதும் இதே அமைப்புதான், ஜெர்மன் மொழியில் வசனம், நடுநடுவே பாட்டு. வள்ளி ஆலோலம் பாடிப் பறவை ஓட்டுகிறாள், இதிலே பாப்பகேனோ உடம்பெல்லாம் இறகு ஒட்டிக்கொண்டு பறவை பிடிக்கிறான். சாப்பாடு, பெண்டாட்டி, இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்கிற அந்த ஆள் அப்பட்டமான பபூன். பாட்டு வசனத்தை எழுதிய ஷிகனேடரே அந்த வேஷத்தையும் கட்டி ஆடியிருக்கிறார்.

பாப்பகேனோவின் அறிமுகப் பாட்டில் தொடங்குங்கள். அடுத்து அவனும் அவன் ஜோடி பாப்பகேனாவும் ஒருவர் பெயரை ஒருவர் சொல்ல முடியாமல் ‘ப, ப, ப’ என்று திக்கித் திக்கிப் பாடுவது, சிரித்து உருளுவார்கள். கடைசியாக இரவு ராணி. மகள் கையில் கத்தியைக் கொடுத்து எதிரியைக் கொல்லச் சொல்லி அம்மா போடுகிற சத்தம் அது, மூன்று நிமிடம். கோபம் தலைக்கேற ஏற வார்த்தையே இல்லாமல் சுரம் மட்டும் உச்சிக்குப் போகும். கதையைச் சொல்லாமல் போட்டால் ஏதோ கீச்சுக் குரல், சொல்லிவிட்டுப் போட்டால் வாயைப் பிளப்பார்கள், பிறகு ரெண்டு நாள் வீடே அதிரும், அதற்குத் தயாராக இருங்கள். முழு ஓபரா இரண்டரை மணிக்கு மேல் போகும், அது பத்து வயதுக்குப் பிறகு, அதுவும் இரண்டு மூன்று நாளாகப் பிரித்து. ஓபராவிஷன் என்ற இணையதளத்தில் பல நாட்டு அரங்குகளின் படைப்புகளைக் காசில்லாமல் காட்டுகிறார்கள், ஆங்கில வரிகள் கீழே ஓடும். ஆனால் பெரும்பாலான ஓபராக்களில் கத்திக்குத்தும் கள்ளக்காதலும்தான், நீங்கள் ஒருமுறை பார்க்காமல் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள்.

இவர்கள் மைக் இல்லாமல் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிப் பாடுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். மைக் வராத காலத்தில் நாடக மேடையில் கிட்டப்பா பாடினதும் அப்படித்தான். சோதித்துப் பார்க்க நம் வீடுகளைவிட நல்ல இடம் இல்லை: ஒரு பிள்ளை முகப்பில் நின்று பாடட்டும், இன்னொன்று இரண்டாம் கட்டில் நின்று வார்த்தை புரிகிறதா என்று சொல்லட்டும். கத்தக் கூடாது. மூச்சை வயிற்றிலிருந்து எடுத்து, வாயை நன்றாகத் திறந்து பாடினால் எவ்வளவு தூரம் போகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

தீனி வேண்டும் என்றால் ஹம்பர்டிங்கின் ‘ஹான்சலும் கிரெட்டலும்’, 1893. பண்டத்தாலேயே கட்டிய சூனியக்காரி வீடு வருகிற ஓபரா. சீப்புச் சீடையும் மனகோலமும் தேன்குழலும் கொடுத்து அந்த வீட்டைக் கட்டச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு வெல்லப் பாகு, அது மட்டும் பெரியவர்கள் கையில். சுவர் எழும்புவதற்குள் பாதி காலியாகிவிடும், பரவாயில்லை.

பார்த்து முடித்ததும் ‘எது என்ன கருவி சொல்லு’ என்று பரீட்சை வைக்காதீர்கள். ஒரே துண்டைப் பத்து தடவை கேட்டால் பத்து தடவை போடுங்கள். சலித்தால் பாதியில் நிறுத்துங்கள். இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவோடு தன் சிம்பொனியை அரங்கேற்றினாரே, அதில் எத்தனை வயலின் வாசித்தார்கள் என்று படத்தைப் பார்த்து எண்ணச் சொல்லலாம். நேரில் பார்க்க ஆசை வந்தால், 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா மும்பையில் என்சிபிஏ என்ற கலை மையத்தின் அரங்கில் வாசிக்கிறது. மும்பையில் சொந்தக்காரர் இருந்தால் விடுமுறைப் பயணத்தை அதற்கேற்ப வையுங்கள்.

அப்புறம் ஒருநாள் ‘எனக்கு வயலின் வேணும்’ என்று வந்து நிற்கும். மேற்கத்திய முறையில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பக்கத்தில் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். நம் கர்நாடக வயலினும் அதே கருவிதான், தந்திகளுக்குச் சுருதி வைப்பதும் பிடிப்பதும்தான் வேறு. அதில் கோழி கூவுவதிலிருந்து எல்லாச் சத்தமும் வரவழைத்த வைத்தியநாதன் பக்கத்துக் குன்றக்குடிக்காரர்தான். வாங்கும்போது பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டச் சொல்லி அளவு பாருங்கள். கால், அரை, முக்கால் அளவுகளில் கிடைக்கிறது. வளர்ந்துவிடும் என்று முழு அளவை வாங்கினால் விரல் எட்டாது, ஒரு மாதத்தில் பரணுக்குப் போய்விடும்.