பாய்லரில் கை வைக்கும் முன்: பம்ப் வேகத்திலும் சூட்டளவிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாய்லரில் தண்ணீரைக் காய்ச்சி அறைகளைச் சூடாக்கும் வீடு குளிர்ந்தால், கை முதலில் போவது சூட்டளவைக் குறித்து வைக்கும் தெர்மோஸ்டாட்டுக்குத்தான். 20-ல் இருப்பதை 28-க்குத் தள்ளினால் அறை சட்டென்று சூடேறிவிடும் என்று ஒரு நினைப்பு. சாதாரணச் சுவர் தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச். பாய்லரை ஓடு, நில் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. 22 வைத்தாலும் 28 வைத்தாலும் அறை ஒரே வேகத்தில்தான் சூடாகும். 28 வைத்தவர் கொஞ்ச நேரத்தில் ஜன்னலைத் திறப்பார்.

அடுத்த தவறு சர்குலேட்டரில். பாய்லரில் காய்ந்த தண்ணீரை, அறைகளில் சூட்டைப் பரப்பும் ரேடியேட்டர்களுக்குச் சுற்றிவிடும் சின்ன பம்ப் அது. பலவற்றில் 1, 2, 3 என்று மூன்று வேகம் இருக்கும். கடைசி அறை சூடாகவில்லை என்று நானும் ஒருமுறை 3-ல் வைத்தேன். ராத்திரி முழுக்கக் குழாயில் 'உஸ்'ஸென்று இரைச்சல். கடைசி அறை மட்டும் அப்படியே குளிர். தண்ணீர் சுலபமான வழியைத்தான் பார்க்கும். பாய்லருக்குப் பக்கத்திலிருந்த இரண்டு ரேடியேட்டர்களிலேயே சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. பம்பை 2-க்கு இறக்கி, அந்த இரண்டிலும் தண்ணீர் திரும்பிப் போகும் பக்கத்து வால்வைக் கால் சுற்று, கால் சுற்றாக மூடிய பிறகுதான் கடைசி ரேடியேட்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது.

வால்வைத் தொடும் முன் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரேடியேட்டரின் கீழ்ப்பாதி சூடாகவும் மேல்பாதி குளிர்ச்சியாகவும் இருந்தால் பெரும்பாலும் காற்றுதான். பம்பை நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் மேல் முனையில் காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது திறந்தால் சில இடங்களில் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வேகம் சரியா என்பதைப் பாய்லரிலிருந்து போகும் குழாயும் திரும்பி வரும் குழாயும் சொல்லிவிடும். இரண்டிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டரைக் கட்டி, பாய்லர் அரை மணி நேரம் ஓடியபின் பாருங்கள். ரேடியேட்டர் உள்ள வீட்டில் 10 முதல் 20 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் கவலையில்லை. 4, 5 டிகிரிதான் என்றால் தண்ணீர் சூட்டை இறக்கிவைக்காமலே ஓடி வருகிறது. 30-ஐத் தொட்டால் ஓட்டம் போதவில்லை. 10 கிலோவாட் வெப்பத்தைச் சுமக்க, 20 டிகிரி வித்தியாசத்தில் நிமிடத்துக்குச் சுமார் 7 லிட்டர் தண்ணீர் போதும். 10 டிகிரியில் 14 லிட்டர் வேண்டும்.

பாய்லர் தண்ணீரின் சூட்டை மாற்றுவதில்தான் பணமும் போகிறது, இயந்திரமும் கெடுகிறது. கண்டென்சிங் வகையில், திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து நீராகி, தன் வெப்பத்தையும் தந்துவிட்டுப் போகும். அதை எப்போதும் 80-ல் ஓட்டினால், கூடுதல் விலை கொடுத்து வாங்கியதே வீண். பழைய வகைக்கு இது நேர்மாறு. சிக்கனம் என்று தண்ணீரை 45-க்கு இறக்கினால் அதே நீர் பாய்லருக்குள்ளேயே படியும். அமிலத்தன்மை உள்ள அது இரும்பை அரிக்கும். ஆகவே உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் குமிழைத் தொடாதீர்கள். தரைக்கடியில் குழாய் ஓடும் வீட்டுக்கு 35 முதல் 45 டிகிரி வரை பெரும்பாலும் போதும். ரேடியேட்டருக்குப் போகும் சூட்டை அப்படியே அங்கே அனுப்பினால் தரை பாழாகும்.

குளிக்கும் வெந்நீர்த் தொட்டி வேறு கணக்கு. சிக்கனம் பார்த்து 60-க்குக் கீழே இறக்கினால் லெஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுத்ததாகிவிடும். 60 டிகிரி நீர் தோலைச் சுடும் என்பதால் குழாய் முனையில் கலப்பு வால்வு இருக்கட்டும்.

அழுத்த மானி இறங்கினால் பம்பைக் கூட்டுபவர்களும் உண்டு. பம்ப் தண்ணீரைச் சுற்றிவிடுமே தவிர அளவைக் கூட்டாது. ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிகிறது.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பழைய அளவை எழுதி வைத்து, ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். மூன்றை ஒன்றாகத் திருகினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

அதிகச் சூட்டில் தானாக நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்தால், பாய்லர் ஆறியபின் ஒரு தடவை ரீசெட் பண்ணலாம். மறுபடி விழுந்தால் பட்டனை விட்டுவிட்டு, உரிமம் உள்ள மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.