தண்டனை முடிந்து வருபவரின் முகவரி: சட்ட ஓட்டையை அடைக்க யாரிடம், எப்படிக் கேட்பது

போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கில் சிறை முடிந்து வெளியே வருபவர் சேலத்தில் ஒரு டியூஷன் சென்டரிலோ, ஏற்காட்டில் ஒரு போர்டிங் ஸ்கூல் சமையலறையிலோ வேலைக்குச் சேர்ந்தால் யாருக்குத் தெரியும்? பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பர் 20 முதல் இருக்கிறது. அதைப் போலீஸ் போன்ற சட்ட அமலாக்கத் துறைகள் மட்டுமே பார்க்க முடியும். வீடு மாறினால் வந்து சொல்ல வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

முகவரியைப் பற்றிப் பேசுவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 394-வது பிரிவு (பழைய சட்டத்தில் 356). மனு எழுதும் முன் இதைப் படித்துவிடுங்கள். மூன்று ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் ஒருமுறை தண்டனை பெற்றவர், அப்படிப்பட்ட குற்றத்தில் மறுபடியும் தண்டனை பெற்றால், விடுதலைக்குப் பின் தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அதிகபட்சம் ஐந்து ஆண்டு. முதல் தண்டனைக்கு இது பொருந்தாது. ‘உத்தரவிடலாம்’ என்பதால் கட்டாயமும் இல்லை. எப்படித் தெரிவிப்பது, தவறினால் என்ன தண்டனை என்பதெல்லாம் மாநில அரசு விதி போட்டுச் சொல்ல வேண்டியவை.

ஆகவே மனு இரண்டு. விதி கேட்டு உள்துறைச் செயலாளருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் ஒன்று. போக்சோ வழக்கில் முதல் தண்டனையிலேயே இந்த உத்தரவு வேண்டும் என்று எம்.பி.க்கு மற்றொன்று. குற்றவியல் நடைமுறை, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால் சட்டமன்றமே திருத்தம் கொண்டுவரலாம். ஜனாதிபதி ஒப்புதல் வேண்டும். மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஏற்காடு சட்டமன்றத் தொகுதி நாடாளுமன்றத்துக்குக் கள்ளக்குறிச்சியில் சேர்கிறது. சேலம் எம்.பி.யிடம் கொடுத்தால் அலைச்சல்தான் மிச்சம்.

‘தூக்கில் போடு’ என்று எழுதிய மனு கோப்பில் தூங்கும். அரைப் பக்கம் போதும்: இப்போதைய வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், காரணம்.

மனுவுக்கு ஆதாரம் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) விண்ணப்பம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ஏற்காடு, சேலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லை. சேலம் மாநகரம் கமிஷனர் எல்லை. இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். கேட்க வேண்டியவை: 394 அல்லது 356-ன் கீழ் முகவரி தெரிவிக்கும்படி உத்தரவு பெற்றவர்கள், கடந்த ஐந்து ஆண்டுகளில், ஆண்டுவாரியாக எத்தனை பேர், பள்ளி, விடுதி, குழந்தைகள் காப்பகங்களிலிருந்து போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, வெரிஃபிகேஷனின்போது தேசியத் தரவுத்தளத்தைப் பார்க்கச் சொல்லும் சுற்றறிக்கை இருந்தால் நகல். ‘ஏன் பார்க்கவில்லை’ என்று கேட்காதீர்கள். விளக்கம் தகவல் ஆகாது என்று திரும்பிவரும். பெயர் கேட்டாலும் தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

சட்டம் திருந்தக் காத்திருக்காமல் இன்றே பிடிக்கக்கூடியது போக்சோ விதிகள் 2020-ன் 3-வது விதி. குழந்தைகளோடு பழகும் எந்த நிறுவனமும் நிரந்தர, ஒப்பந்த ஊழியர் எல்லோருக்கும் அவ்வப்போது போலீஸ் வெரிஃபிகேஷன் செய்ய வேண்டும். சேரும்போது ஒருமுறை வாங்கி ஃபைலில் வைப்பதோடு பல இடங்களில் முடிந்துவிடுகிறது. இதை அமல்படுத்தக் கேட்கும் மனுவுக்குத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் சரியான இடம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் ஒரு நகல் கொடுங்கள். பெற்றோரே பேசி வைக்கும் ஆட்டோ டிரைவர் நிறுவன ஊழியர் அல்ல என்பதால் விதியில் சிக்கமாட்டார். அதையும் மனுவில் ஒரு வரியாகச் சேருங்கள்.

பிரச்சாரம் கெட்டுப்போவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். ஒருவரின் போட்டோவைப் போட்டு ‘உஷார்’ என்று பரப்பினால், அவர் குழந்தையின் மாமாவோ சித்தப்பாவோ ஆக இருக்கையில், தெருவுக்கே குழந்தை யாரென்று தெரிந்துவிடும். இந்தக் குற்றங்களில் பெரும்பாலானவை தெரிந்தவர்கள் செய்பவை. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ 23-வது பிரிவில் குற்றம். ஓராண்டு வரை சிறை. நோட்டீஸில் ஊர், பள்ளி, உறவுமுறை எதுவும் வேண்டாம். பிரிவு எண்ணும் எண்ணிக்கையும் போதும்.

கடைசியாக கிராம சபை. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும். தீர்மானத்தை முன்பே எழுதி எடுத்துப் போங்கள். வாசித்தால் மட்டும் போதாது. பதிவேட்டில் ஏறியதா என்று அங்கேயே பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, நகல் கேளுங்கள். எம்.எல்.ஏ. மனுவோடு இணைக்க அந்த நகல்தான் வேண்டும்.