வைரஸ் காய்ச்சலும் பரம்பரையும்: மருத்துவரிடம் கொண்டுபோகக் குடும்பக் குறிப்பு எழுதும் முறை

வைரஸ் காய்ச்சல் ஒருவரை மூன்று நாளில் விட்டுவிட, அதே வீட்டில் இன்னொருவருக்கு மூச்சுத் திணறி ஆக்சிஜன் வைக்க நேர்ந்தால், “எங்கள் பரம்பரையே அப்படித்தான்” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அது பரம்பரையா, வாழும் சூழலா என்று மருத்துவர் பிரித்தறிய, ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடங்களில் வாயால் சொல்வது போதாது; ஒரு முழுத் தாளில் மூன்று தலைமுறையை எழுதிக்கொண்டு போவது நல்லது.

தாத்தா பாட்டியில் தொடங்கி, ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டுக் கீழே இறங்குங்கள். அத்தை மகனையோ தாய்மாமனையோ மணந்தவர்கள் இருந்தால் அவர்களை இரட்டைக் கோட்டால் இணையுங்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணு பழுதாக வந்தால் மட்டுமே வெளிப்படும் எதிர்ப்பாற்றல் குறைபாடுகள் சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். ‘அங்கிள்’ என்று எழுதாதீர்கள். நம் மொழி தாய்மாமனையும் சித்தப்பாவையும் பிரித்தே வைத்திருக்கிறது, இங்கே அந்தப் பிரிவு மருத்துவத்துக்கே உதவுகிறது. வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை அடையாளம் கண்டு, வைரஸை எதிர்க்கும் புரதமான இன்டர்ஃபெரானைச் சுரக்கவைக்கும் டி.எல்.ஆர்.7 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ், அதுவும் தாயிடமிருந்து வருவது. ஆகவே இந்தப் பழுதைத் தேடும்போது தாய்மாமன் போன்ற தாய்வழி ஆண்களின் வரிகளே முக்கியம். 2020இல் நெதர்லாந்தில் கொரோனாவால் வென்டிலேட்டர் வரை சென்ற நான்கு இளைஞர்களிடம் இந்த மரபணுப் பழுது கண்டறியப்பட்டது. அவர்கள் இரண்டு குடும்பங்களின் அண்ணன் தம்பிகள்.

ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு வரி போதும். “தாய்மாமன், 28 வயது, 2021, கொரோனா, பரிசோதனையில் உறுதி, 9 நாள் ஆக்சிஜன், சர்க்கரை இல்லை” என்பதுபோல இருக்கட்டும். வயதும் கடைசிச் சொல்லும் முக்கியம்: எழுபது வயதுச் சர்க்கரை நோயாளி கடுமையாகப் பாதிக்கப்பட்டதை விளக்க மரபணுவைத் தேட வேண்டியதில்லை.

டெங்குவைப் பரம்பரை என்று சொல்வதில் நிதானம் வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையின் ஒண்டுக்குடித்தனம் ஒன்றில், லாரித் தண்ணீர் பிடித்துவைத்த டிரம் மூடாமல் கிடந்தால், அங்கே பெருகும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இரத்த உறவே இல்லாத நான்கு குடும்பங்களையும் கடிக்கும். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. முதலில் ஒரு வகையும் பின்னர் வேறொன்றும் தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஆகவே எத்தனையாவது முறை என்பதையும், அப்போது எந்த வீட்டில் இருந்தார் என்பதையும் எழுதுங்கள்.

தாள் நிரம்பியதும் கடையில் விற்கும் மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டிவிட வேண்டாம். கொரோனாவைக் கடுமையாக்கக்கூடிய, அழிந்துபோன பழங்கால மனித இனமான நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்த மூன்றாம் குரோமோசோம் துண்டு தெற்காசியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் நலமாகவே மீண்டார்கள். ஹெச்.ஐ.வி.யைப் பெருமளவு தடுக்கும் சி.சி.ஆர்.5 என்ற மரபணுவின் மாற்றமோ வட ஐரோப்பியரில்கூட, தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து இரு பிரதியாக நூற்றில் ஒருவருக்கே இருக்கிறது, நம்மிடம் மிக அரிது.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. கைக்குழந்தை ஒன்று தொற்றில் இறந்த குடும்பம், ஹெர்பிஸ் வைரஸால் மூளைக் காய்ச்சல் கண்ட பிள்ளை, சாதாரணச் சளிக்கே மறுபடி மறுபடி ஐ.சி.யு.வில் சேர்க்கப்படும் பிள்ளை ஆகியோரின் வரிகளைச் சிவப்பு மையால் எழுதி, அடுத்த குழந்தைக்கு உயிருள்ள வைரஸ் கொண்ட போலியோ, ரோட்டா சொட்டு மருந்துகளைக் கொடுப்பதற்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தள்ளிவைப்பதா என்பதை அவர் தீர்மானிப்பார், நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தால் அதன் நகலையும் அந்தத் தாளோடு பின் அடித்துக்கொள்ளுங்கள்.