டைபஸ் காய்ச்சலும் இதயமும்: நாம் சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் பெயரிலேயே. டைபஸ் என்று மருத்துவர் சொன்னால் நம் காதில் டைபாய்டு என்று விழுகிறது. டைபாய்டு அசுத்தமான தண்ணீர், உணவு வழியே வருவது. டைபஸோ வகையைப் பொறுத்துப் பேன், தெள்ளுப்பூச்சி, அல்லது உண்ணியின் கண்ணுக்கே எளிதில் தெரியாத இளம்புழு மூலம் தொற்றுவது. டைபாய்டுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி இதற்கு உதவாது. டாக்ஸிசைக்ளின்தான் முதல் மருந்து.

டைபஸ் கிருமி குடியேறுவது நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரில். அந்தச் சுவர் அழற்சியால் கசியத் தொடங்கினால் ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறும், பி.பி. இறங்கும், இதயம் ஈடுகட்ட ஓடும். சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சி வரும்.

"பி.பி. இறங்கிடுச்சு, இன்னும் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று உறவினர்கள் நெருக்குவது இந்த நேரத்தில்தான். பாவம், பயம். ஆனால் ஏற்றும் நீரும் அதே கசிவு வழியாக நுரையீரலில் போய்த் தேங்கலாம். தளர்ந்த இதயத்துக்கு அது கூடுதல் சுமை. டிரிப்ஸ் வேண்டாம் என்றில்லை, அளவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

நாடியும் ஏமாற்றும். காய்ச்சல் ஏறினால் துடிப்பும் ஏற வேண்டும். டைபஸில் சிலருக்கு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. "நாடி நார்மல்தானே" என்று நிம்மதி அடையக் கூடாது. படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கைகால் சில்லிடுகிறதா, சிறுநீர் குறைகிறதா, பேச்சு தடுமாறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைதான்.

உடலை முழுதாகப் பார்க்காமல் விடுவதும் தவறு. உண்ணியால் வரும் வகையில் அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி போன்ற மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. ரத்தப் பரிசோதனையோ முதல் வாரத்தில் நெகட்டிவ் என்று வரக்கூடும். அதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

உடம்புவலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தால் ரத்தக்கசிவு அதிகமாகும்.

அப்புறம், டாக்ஸிசைக்ளின் தொடங்கிய இரண்டு நாளில் பெரும்பாலும் காய்ச்சல் விட்டுவிடும். அதோடு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். இதயத் தசையில் அழற்சி இருந்தது என்று சொல்லியிருந்தால் கடும் உடற்பயிற்சிக்கு 3 முதல் 6 மாதம் வரை விடுப்பு. திரும்பவும் தொடங்கும் முன் இ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.