மூன்றாவது நிமிடத்தில் ஓடிப்போன தாளம்

நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகள் எட்டுப் பேரை வில்லுப்பாட்டுக்குத் தயார் செய்தேன். தனித்தனியாகக் கேட்டால் எல்லாரும் நன்றாகவே பாடினார்கள். சேர்ந்தால் மூன்றாவது நிமிடத்திலேயே வேகம் ஏறிவிடும், பின்பாட்டு பிந்திவிடும்.

முதலில் செல்போனில் சீராகத் தாளம் தட்டுகிற மெட்ரோனோம் வைத்துப் பார்த்தேன். வில்லில் கட்டிய மணிகள் குலுங்குகிற சத்தத்தில் அது எங்கே கேட்கும்! அப்புறம் பின்பாட்டுக்காரர்களைத் திட்டியே ஒரு வாரம் போனது.

ஒருநாள் ஒத்திகையை வீடியோ எடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். குடம் அடிக்கிற பையன் தலையைத் தூக்கவே இல்லை. கண் முழுக்கக் கையிலிருந்த பத்தியிலும் (குடத்தை அடிக்கிற மட்டை) குடத்து வாயிலும்தான். வில்லைத் தட்டுகிற கோலான வீசுகோல் எப்போது இறங்குகிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. மேடையில் அழகாக இருக்கும் என்று சபையைப் பார்த்து நேராக உட்காரவைத்தது நான்தான்.

"ஏன் மக்களே நிமிர மாட்டேங்க?"

"நிமிந்தா அடி தப்பிருது சார்."

சரி என்று அவனைப் பாதி திருப்பி, வீசுகோல் பிடித்தவளின் மணிக்கட்டு தெரிகிற மாதிரி உட்காரவைத்தேன். மூன்று நாள் பாட்டே கிடையாது. குடமும் வீசுகோலும் மட்டும். முதலில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கச் சொன்னேன், கை இடத்தைப் பழகியதும் அவளைப் பார்த்து அடிக்கச் சொன்னேன். மற்றவர்கள் தொடையில் தட்டியபடி வரிகளைப் பேச்சாகச் சொன்னார்கள். நான்காம் நாள் பாட்டைச் சேர்த்தபோது வேகம் ஏறாமல் நின்றது, பின்பாட்டும் தானாக வந்து சேர்ந்தது.

ஜால்ரா மட்டும் இன்னும் கொஞ்சம் ஓடுகிறது. இப்போதைக்கு ஜால்ரா போடுகிறவளுக்கு அடிகளைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.