மூடிப்போன அமெரிக்கக் கார் கம்பெனியின் வரலாற்றைத் தேடுவது எப்படி? பேக்கார்டை வைத்து ஒரு செய்முறை

ஹட்சன், நாஷ், ஸ்டுடிபேக்கர், பியர்ஸ்-ஆரோ, டூசன்பர்க் என்று அமெரிக்காவில் மறைந்துபோன கார் பெயர்கள் ஏராளம். எதைத் தேடினாலும் ஒரே கதை பத்து இடங்களில் கிடைக்கும். பத்தும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாகவே இருக்கும். அந்த வட்டத்தைத் தாண்டி மூல ஆவணத்துக்குப் போகும் வழியை இங்கே பேக்கார்டை உதாரணமாக வைத்துச் சொல்கிறோம். ஆவணங்கள் நிறையக் கிடைக்கும் கம்பெனி இது, முதல் தேடலுக்கு ஏற்றது.

படி 1: பெயர், ஊர், ஆண்டு அட்டவணை போடுங்கள்

தேடுபெட்டியில் 'பேக்கார்ட்' என்று அடிப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. முதல் பேக்கார்ட் கார் 1899 நவம்பர் 6 அன்று ஓஹையோ மாநிலத்து வாரன் நகரில் ஓடியது. ஆனால் அப்போது 'பேக்கார்ட் மோட்டார் கார் கம்பெனி' என்ற பெயரே கிடையாது. அதற்கு முன் கம்பெனிக்கு இருந்த பெயர் 'ஓஹையோ ஆட்டோமொபைல் கம்பெனி'. 1902-இல்தான் பெயர் மாறியது. 1903-இல் தொழிற்சாலை டெட்ராய்ட்டுக்குப் போனது. 1954 அக்டோபரில் ஸ்டுடிபேக்கர் கம்பெனியை வாங்கி 'ஸ்டுடிபேக்கர்-பேக்கார்ட் கார்ப்பரேஷன்' ஆனது. 1962-இல் அதிலிருந்த பேக்கார்ட் என்ற பெயரும் உதிர்ந்தது.

இந்த அட்டவணை இல்லாமல் தேடினால் தொடக்க ஆண்டுகள் முழுசாகக் கைநழுவும். 1901-ஆம் ஆண்டுப் பத்திரிகையில் கம்பெனிச் செய்தி பழைய பெயரில்தானே இருக்கும்! 1903-க்கு முந்திய செய்திகளுக்கு வாரன் நகரப் பத்திரிகைகளையும், பிந்தியவற்றுக்கு டெட்ராய்ட் பத்திரிகைகளையும் முதலில் பாருங்கள்.

படி 2: 'எப்போது மூடியது' என்ற கேள்வியை உடையுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஒரு தளத்தில் 1956 என்றும் இன்னொன்றில் 1958 என்றும், வேறொன்றில் 1962 என்றும் பார்த்ததும் இரண்டு தளங்கள் தவறு என்று முடிவுகட்டிவிடுவார்கள். மூன்றும் சரியே. டெட்ராய்ட்டில் கடைசி பேக்கார்ட் 1956 ஜூன் 25 அன்று வெளிவந்தது. அதன்பின் இரண்டு மாடல் ஆண்டுகளுக்கு, இண்டியானாவின் சவுத் பெண்ட் ஆலையில், ஸ்டுடிபேக்கர் பாடியில் (காரின் வெளிக்கூட்டில்) பேக்கார்ட் சின்னம் பொருத்தி விற்றார்கள். 1958 மாடலில் செய்தவை 2,622 கார்கள் மட்டுமே. கம்பெனிப் பெயரிலிருந்து பேக்கார்ட் நீங்கியது 1962-இல்.

எனவே எந்தக் கம்பெனியை எடுத்தாலும் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: சொந்த ஆலையின் கடைசி கார், பிராண்டின் கடைசி மாடல், சட்டப்படி பெயர் மறைந்த ஆண்டு. ஹட்சனுக்கும் இதே கதைதான். 1954-இல் நாஷோடு இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆனது. ஹட்சன் என்ற பெயரில் கார் வந்தது 1957 வரை.

படி 3: அந்தந்தக் காலத்து அச்சைப் படியுங்கள்

கார்த் தொழிலுக்கென்றே வார, மாத இதழ்கள் இருந்தன. 1895-இல் தொடங்கிய 'ஹார்ஸ்லெஸ் ஏஜ்' அதில் மூத்த ஒன்று. இத்தகைய இதழ்களின் பழைய தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திட்ரஸ்ட் தளங்களில் ஸ்கேன் வடிவில் உள்ளன. நாளிதழ்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'கிரானிக்லிங் அமெரிக்கா' இலவசம்.

ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினி படிக்கும்போது எழுத்துப் பிழைகள் விழும். மங்கிய அச்சில் கம்பெனிப் பெயரே சிதைந்து பதிவாகும், தேடலில் அகப்படாது. அதனால் ஊர்ப் பெயர், அதிகாரியின் பெயர், மாடல் பெயர் எனச் சுற்றுவழிகளிலும் தேடுங்கள். இணைப்பு, ஆலை மாற்றம் போன்ற முக்கியமான வாரங்களுக்குத் தேடலை நம்பாமல் இதழைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே மேல்.

கிடைத்ததைக் குறித்துவைக்க ஸ்ப்ரெட்ஷீட்டில் ஐந்து கட்டங்கள் போதும்: நிகழ்ச்சி நடந்த தேதி, செய்தி, மூலம், பக்க எண், மூலம் அச்சான தேதி. கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். கம்பெனியைத் தொடங்கிய ஜேம்ஸ் வார்டு பேக்கார்ட் 1898-இல் வாங்கிய விண்டன் காரைப் பற்றிக் குறை சொன்னதாகவும், 'முடிந்தால் நீயே செய்துகொள்' என்கிற தோரணையில் அந்தக் காரைச் செய்த அலெக்சாண்டர் விண்டன் பதில் சொன்னதாகவும் ஒரு உரையாடல் உண்டு. சொல்பவருக்குச் சொல்பவர் வார்த்தைகள் மாறும். அக்காலத்து அச்சில் காணும்வரை அதைச் 'செவிவழி' என்று குறித்து வையுங்கள்.

படி 4: எண்களை எடுக்கும்போது

மாடல் ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் வேறு. புதிய மாடல் முந்திய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும். ஆகவே 'அந்த ஆண்டின் உற்பத்தி' என்ற எண்ணைப் பார்த்தால் எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

பேக்கார்டில் இன்னொரு சிக்கல்: ஆண்டுக்குப் பதில் 'சீரிஸ்' எண். 1935 மாடல் 12-ஆவது சீரிஸ், 1936 மாடல் 14-ஆவது. நடுவில் 13 கிடையாது, காணாமல்போன ஓர் ஆண்டைத் தேடி அலைய வேண்டாம். 1949-இல் விற்ற கார் 22-ஆவது சீரிஸாகவும் இருக்கலாம், அந்த ஆண்டு மே மாதம் அறிமுகமான 23-ஆவதாகவும் இருக்கலாம்.

1956 மாடல் பேக்கார்ட் 10,353 என்று ஒருவர் எழுதுவார், 28,835 என்று இன்னொருவர். அந்த ஓர் ஆண்டு பேக்கார்ட் கம்பெனியின் 'கிளிப்பர்' கார் தனி பிராண்டாக விற்கப்பட்டது. வித்தியாசமான 18,482 கார்களும் கிளிப்பர்தான். இரண்டு எண் முரண்பட்டால் முதலில் கழித்துப் பாருங்கள். மீதி எண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கும்.

படி 5: காரணத்தைத் தேதிகளால் சோதியுங்கள்

'ஸ்டுடிபேக்கரை வாங்கியதால் பேக்கார்ட் அழிந்தது' என்பது பலரும் சொல்லும் ஒற்றைவரி விளக்கம். உங்கள் அட்டவணையைத் தேதிவாரியாக அடுக்கினால் அதற்கு முன்பே வேறொரு அடி தெரியும். பேக்கார்டின் பாடியைச் செய்து கொடுத்தது பிரிக்ஸ் நிறுவனம். அதன் பாடி ஆலைகளை 1953 முடிவில் கிரைஸ்லர் வாங்கிக்கொண்டது. பாடிக்குத் திண்டாடிய பேக்கார்ட், டெட்ராய்ட்டின் கானர் அவென்யூவில் இருந்த ஆலையைக் குத்தகைக்கு எடுத்து, 1955 மாடலின் வேலையை அங்கே மாற்றியது. இடம் நெருக்கம், தரக் குறைபாடுகள் கிளம்பின. எங்களைக் கேட்டால், பாடியை யார் செய்தார்கள் என்பதைத் தனியாகத் தேடாத எந்தக் கார்க் கம்பெனி வரலாறும் அரைகுறைதான்.

படி 6: தகடும் வரைபடமும்

காருக்கு 17 இலக்க அடையாள எண் 1981-இல் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. பல மாநிலங்கள் எஞ்சின் எண்ணை வைத்தே பதிவு செய்தன. எஞ்சின் மாறியிருந்தால் பதிவுத்தாளும் காரும் ஒத்துப்போகாது. 1930களின் பேக்கார்ட்களில் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வாலில் (தடுப்புச் சுவரில்) டீலர் பெயரும் தேதியும் பொறித்த தகடு இருக்கும். அது டீலர் காரை ஒப்படைத்த தேதி. தயாரித்த தேதி என்று எழுதிவிடாதீர்கள்.

ஆலைக் கட்டடங்களுக்குச் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் அருமையானவை. அவற்றில் இளஞ்சிவப்பு நிறம் என்றால் செங்கல் கட்டடம், மஞ்சள் என்றால் மரக் கட்டடம். காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் நிறைய நகரங்களுக்குக் கிடைக்கும். பிற்காலத் திருத்தங்களைத் துண்டுக் காகிதத்தில் ஒட்டியிருப்பார்கள், அட்டையில் உள்ள ஆண்டை மட்டும் நம்பக் கூடாது.

படி 7: காப்பகத்துக்கு எழுதுங்கள்

சவுத் பெண்டில் உள்ள ஸ்டுடிபேக்கர் தேசிய அருங்காட்சியகத்தின் காப்பகம், டெட்ராய்ட் பொது நூலகத்தின் தேசிய வாகன வரலாற்றுச் சேகரிப்பு, பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் உள்ள ஏஏசிஏ (அமெரிக்கப் பழங்கார் சங்கம்) நூலகம் ஆகிய மூன்றும் தொடக்கத்துக்குப் போதும். ஸ்டுடிபேக்கர் கார் என்றால் சீரியல் எண்ணைக் கொடுத்து, அந்தக் காரின் உற்பத்தி ஆணைப் பிரதியை அருங்காட்சியகத்தில் கட்டணம் கட்டி வாங்கலாம்.

'பேக்கார்ட் பற்றி என்ன இருக்கிறது?' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'கானர் அவென்யூ ஆலைக் குத்தகை, 1953 முதல் 1955 வரை, கடிதங்களோ இயக்குநர் குழுக் குறிப்புகளோ உள்ளனவா?' என்று ஆண்டும் ஆவண வகையும் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே பார்த்தவற்றின் பட்டியலையும் நகல் கட்டணம் பற்றிய கேள்வியையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். நகல் வந்ததும் பெட்டி எண், கோப்பு எண் இரண்டையும் அன்றே ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றுங்கள். அவை இல்லாவிட்டால் அதே தாளை இன்னொருவர் எடுத்துச் சரிபார்க்க முடியாது.